எத்தனை அடுப்பு?

பத்து மணி வெயில் ஓட்டு இடுக்கு வழியே இறங்கி, தாழ்வாரத்தில் அடுக்கிய தக்காளிக் கூடைகளின்மேல் கோடு கோடாய்க் கிடக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வந்த டீச்சர் செல்போன் திரையை முந்தானையால் மறைத்துக்கொண்டு கேட்கிறாள்: "ஒரே வூட்டுல அண்ணன் தம்பி ரெண்டு குடும்பமுங்களா? சமையல் ஒண்ணா, தனித்தனியா?" மூத்தவன் மனைவி அமுதவல்லி அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்க்கிறாள். போன தை மாதம் பேச்சு முற்றித் தனி அடுப்பு வைத்துக்கொண்ட ஓரகத்தி வளர்மதி, சிலிண்டர் தீர்ந்துபோனதென்று வந்து, இப்போது இவள் அடுப்பில்தான் கேழ்வரகுக் களி கிண்டிக்கொண்டிருக்கிறாள். ஒன்று என்றால் உரிமை கொண்டாடியதாகிவிடும். தனி என்றால் முகத்தில் அடித்ததாகிவிடும். உள்ளே களிக்கோலின் சத்தம் நிற்கிறது. அவரைக்கொட்டைக் குழம்பின் வாசம் மட்டும் வாசல்வரை வந்து நிற்கிறது. டீச்சரின் விரல் திரைமேல் காத்திருக்கிறது.

"ஒண்ணுதானுங்க டீச்சர்!" அடுப்படியிலிருந்து வளர்மதியின் குரல் வருகிறது. "அக்கா, கொழம்புக்கு உப்பு போதுமான்னு வந்து பாருங்க." மறுபடி களிக்கோல் பானையில் இடிக்கிறது. டீச்சர் திரையைத் தொட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறாள். "இருங்க டீச்சர், வந்தர்றேன்," என்று எழுந்த அமுதவல்லியின் கண், வளர்மதியின் கதவோரம் போய் நிற்கிறது. போன வாரமே வந்திறங்கிய சிலிண்டர் அங்கே சீல் பிரிக்காமல் இருக்கிறது. அதன்மேல் ஒரு துண்டு காய்கிறது.