கட்டைவிரல் சொன்ன சாட்சி

"கட்டைவிரலை உள்ள மடக்குங்க" என்று சொல்லி, எலும்பு டாக்டர் பெரியவரின் மணிக்கட்டை மெல்லச் சாய்த்தார். பெரியவருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"தசைநாண் உறையில வீக்கம். கைக்குழந்தையைத் தினமும் தூக்குறவங்களுக்குத்தான் இது அதிகமா வரும். வீட்ல பேரப்பிள்ளை இருக்கா?"

"மக வீட்ல இருக்கு" என்றாள் மனைவி. "அவளா கல்யாணம் பண்ணிக்கிட்டதால, அவ வாசப்படியை யாரும் மிதிக்கக் கூடாதுன்னு இவர் உத்தரவு."

டாக்டருக்கு மண்டையைக் குடைந்தது. "காலையில என்ன செய்வீங்க?"

"வாக்கிங்" என்றார் பெரியவர், தரையைப் பார்த்தபடி.

"ரெண்டு மணி நேரம் நடக்குறார். செருப்புதான் தேயவே மாட்டேங்குது."

சொல்லிவிட்டு மனைவி சற்றுநேரம் அவரையே பார்த்தாள். பிறகு தன் வலது கையை மேசைமேல் நீட்டினாள்.

"எனக்கும் அதே இடத்துலதான் வலி, டாக்டர். தினம் சாயங்காலம் தையல் கிளாஸ்னு இவர்கிட்ட சொல்லிட்டுக் கிளம்புவேன்."