பஞ்சு அடைத்த மூக்கு

பேக்கரி நடத்தும் அந்த அம்மாவுக்கு மூக்கின் நடுத்தண்டை நேராக்கும் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனாலும் மனசு ஆறவில்லை. ரொட்டி வெந்ததா, தீய்ந்ததா என்று அவருக்குச் சொல்வதே மூக்குதான். இப்போது இரண்டு துவாரத்திலும் பஞ்சு அடைத்திருந்தது.

"வாசனை திரும்ப வருமா டாக்டர்? இல்ல, என் பொழப்பு அவ்வளவுதானா?"

"வரும்மா. உள்ள வீக்கம் வத்தணும். பஞ்சை எடுத்தப்புறமும் கொஞ்ச நாள் அடைச்ச மாதிரிதான் இருக்கும், பயப்படாதீங்க. மூக்கை மட்டும் சிந்திடாதீங்க."

மதியம் வாயால் மூச்சுவிட்டபடி படுத்திருந்தவருக்கு, மழையில் நனைந்த துணியின் வாடை அடித்தது. மூக்கைத் தொட்டுப் பார்த்தார். பஞ்சு அப்படியே இருந்தது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் வானம் இருட்டி, கொட்டித் தீர்த்தது. மகள் தொப்பலாக நனைந்து வந்து நின்றாள்.

"குடை எடுத்துட்டு வரக்கூடாதாடி?"

"இப்படிப் பெய்யும்னு யாருக்கும்மா தெரியும்?"

அம்மா மறுபடி மூக்குப் பஞ்சைத் தொட்டுப் பார்த்தார்.

தலையணையைச் சரிசெய்ய மகள் குனிந்தாள். அவள் தோளிலிருந்து பால் வாசனை வந்தது. பச்சைக் குழந்தையின் உச்சந்தலையில் வருமே, அந்த வாசனை. கல்யாணமான நாளிலிருந்து குழந்தைக்காக அவள் பார்க்காத வைத்தியம் இல்லை. போன மாதம்தான், "போதும்மா, விட்டுட்டேன்" என்று அழுதிருந்தாள்.

"என்னம்மா கண்ணு கலங்குது? வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்லடி. மொதல்ல தலையைத் துவட்டு. இனிமே உடம்பைப் பத்திரமா பாத்துக்கணும்."

"ஆபரேஷன் உனக்கா, எனக்கா?" என்று மகள் சிரித்தாள்.

அம்மா அவள் தோளைக் கிட்ட இழுத்தார். அடைத்த மூக்கோடு இன்னொரு தடவை மூச்சை ஆழமாக இழுத்துக்கொண்டார்.