பிரச்சினை இல்லாத வீடு

"வீடுன்னு ஒண்ணு இருந்தா அதுல ஒரு பிரச்சினைகூடவா இருக்காது?" என்றார் ஆசிரியை.

வாலு பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினாள். வீட்டில் வைத்த செல்லப்பெயர் பள்ளிக்கூடம் வரை வந்துவிட்டது. ஒரு இடத்தில் உட்காராத பெண்ணுக்கு வேறு என்ன பெயர் ஒட்டும்?

பதினோராம் வகுப்புக்குத் தொழில் தொடங்கக் கற்றுக்கொடுப்பவர் ஆசிரியை. பாடம் லேசானதுதான். வெளிநாட்டு மாணவி ஒருத்தி இங்கே ஒருத்தியின் வீட்டில் வந்து தங்க வேண்டும். அந்த வீட்டைத் தினமும் படுத்துகிற ஒரு பிரச்சினையை இருவரும் கண்டுபிடித்து, அதைத் தீர்க்க ஒரு தொழில் திட்டம் போட வேண்டும். ஜெயிக்கிற ஜோடிக்கு அந்த நாட்டில் இறுதிப் போட்டி. விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி என்றிருந்த வாலு, பெயர் கொடுத்த அன்றே பெட்டியைத் தூசி தட்டி வைத்தவள்.

"நான் என்ன பண்ணட்டும் மிஸ்?" என்றாள் வாலுவின் வீட்டில் தங்கியிருந்த விருந்தாளி. வெளிநாட்டில் அவள் வீட்டிலும் இதே மொழிதான், அதனால் பேச்சுக்குக் குறைவில்லை. "நான் எதைக் கண்டுபிடிச்சாலும் மறுநாள் அது காணாமப் போயிடுது. தினமும் சாவி தேடுறாங்கன்னு சொன்னேன். காலையில பார்த்தா கதவுக்குப் பக்கத்துல இவ கொக்கி அடிச்சிருக்கா. சார்ஜர் வயரெல்லாம் சிக்கலா கிடக்குன்னு சொன்னேன். அதையும் பிரிச்சுக் கட்டி வெச்சுட்டா."

"ஏம்மா, எல்லாத்தையும் நீயே சரி பண்ணிட்டா எதை வெச்சுத் திட்டம் போடுவீங்க? ஒரு தொழில் ஆரம்பிக்கணும்னா எங்கேயாவது ஒருத்தர் கஷ்டப்படணும். உங்க வீட்டுல யாருமே கஷ்டப்படலையா?"

"இன்னும் ஒரு வாரம் கொடுங்க மிஸ்."

"போன தடவையும் இப்படித்தான் வெறுங்கையோட வந்து நின்னீங்க. மத்த விருந்தாளிப் பிள்ளைங்க எல்லாம் ஊருக்குப் போயாச்சு. உங்களுக்காகத்தான் கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாரம் வாங்கினேன். நாளைக்குக் காலையில நடுவர்கள் முன்னாடி ஒரு பிரச்சினையைச் சொல்லியாகணும். இல்லைன்னா போட்டியை மறந்துடு. எப்படியும் சாயங்காலம் இவளுக்கு ஃப்ளைட்."

வாலு தலையாட்டினாள். ஆனால் அந்தத் தலையாட்டலை ஆசிரியை நம்பியதாகத் தெரியவில்லை.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் அப்பா தன் அலுவலக லிஃப்ட் நடுவழியில் நின்ற கதையை எடுத்துவிட்டார்.

"நேத்தே சொன்னீங்களே இதை," என்று சிரித்தாள் அம்மா.

"நேத்து சொன்னது பாதிதான். மேனேஜர் உள்ள மாட்டிக்கிட்டதைச் சொன்னேனா?"

"அதைச் சொல்லலையே. அப்புறம்?" அவர் கேட்பதற்கு முன்பே தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள் அம்மா.

வாலு சாப்பிடாமல் கை காய உட்கார்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ ஏன் எப்பவும் இவங்க ரெண்டு பேருக்கும் நடுவுலயே உக்கார்ற?" என்று கேட்டாள் விருந்தாளி.

"சும்மா, பழக்கம்," என்று அவசரமாக நாற்காலியை எதிர்ப்பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள் வாலு.

சாப்பிட்டு முடித்ததும் விருந்தாளி அவளை அறைக்குள் இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினாள். "சமையலறைக் குழாய் சொட்டுதே, அதையாவது சொல்லுவோமா?"

"சாயங்காலமே வாஷர் மாத்திட்டேன்."

விருந்தாளி கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தாள். "உனக்கு ஜெயிக்கணும்னு ஆசை இருக்கா, இல்லையா? எங்க அம்மா உனக்காக ரூமெல்லாம் ஒழிச்சு வெச்சிருக்காங்க, தெரியுமா?"

வாலுவுக்கு அழுகை வந்துவிட்டது. "இருக்கு. சத்தியமா இருக்கு. நாளைக்கும் ஒண்ணும் கிடைக்கலைன்னே சொல்லுவோம். மிஸ் அப்படித்தான் திட்டுவாங்க, அப்புறம் மனசு இளகி இன்னொரு வாரம் கொடுத்துடுவாங்க. எனக்கு அந்த ஒரு வாரம் போதும்."

"அந்த ஒரு வாரத்துல மட்டும் என்ன கிடைச்சிடப் போகுது?"

 கூடத்தில் லிஃப்ட் கதை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வாலு எழுந்து போய்க் கதவைக் கொஞ்சமாகத் திறந்து வைத்தாள்.

மறுநாள் ஆசிரியையின் மனசு இளகவில்லை. வெறுங்கையோடு போனவர்களை நடுவர்கள் மரியாதையாக வெளியே அனுப்பிவிட்டார்கள். இறுதிப் போட்டிக்கு வேறு ஜோடியின் பெயரை அறிவித்தபோது வாலு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சாயங்காலம் வாசலில் வேன் வந்து நின்றது. அப்பா பெட்டியைத் தூக்கி ஏற்றினார். "பார்த்துங்க, முதுகு பிடிச்சுக்கப் போகுது," என்றாள் அம்மா. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கையசைத்தார்கள்.

விருந்தாளி வாலுவைக் கட்டிக்கொண்டாள். கோபம் எப்போதோ போயிருந்தது. "தோத்தது வருத்தம்தான். ஆனா உங்க வீட்டுல நிஜமாவே ஒரு பிரச்சினையும் இல்லைப்பா. நீ கொடுத்து வெச்சவ."

வேன் கிளம்பியது. தெருமுனையில் திரும்புகிற வரை வாலு அதன் பின்னாலேயே ஓடிவிட்டு, மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள்.

அசைத்த கையைக் கீழே போட்டுவிட்டு, அம்மா பழையபடி வாலுவைப் பார்த்துச் சொன்னாள்: "ராத்திரி சாப்பாடு வீட்டுலதானான்னு உங்க அப்பாகிட்ட கேட்டுச் சொல்லு."

கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றிருந்த அப்பாவும் வாலுவைத்தான் பார்த்தார். "நான் வெளியில பார்த்துக்கறேன்னு உங்க அம்மாகிட்ட சொல்லிடு."