மாப்பிள்ளை உடைத்த நாற்காலி

கையும் களவுமாகத்தான் மாட்டினார் மாப்பிள்ளை. இன்னும் பாதிக்கு மரப்பசை இருந்த பாட்டிலைக் குப்பைத் தொட்டியில் போட்டு, மேலே ஒரு பிடி மரத்தூளையும் அள்ளிப் போட்டு மூடிவிட்டுத் திரும்பினால், பின்னால் மாமனார் நிற்கிறார்.

தண்ணீரே உறைந்துபோகிற ஊர் அது. குளிர் ஆரம்பிப்பதற்குள் பட்டறையை மாற்றிப் போட வேண்டும். பட்டறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, வீட்டை ஒட்டின கார் ஷெட். முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மாமனார், காரை விற்றுவிட்டு அதில் மரவேலை பழகிக்கொண்டிருந்தார்.

காலையிலிருந்து ரெண்டு பேருமாக வேலை மேசையைக் கதவோரத்திலிருந்து வீட்டுச் சுவர்ப் பக்கம் நகர்த்தியாயிற்று. ஈரம் ஏறாமல் பலகைகளை மேலே அடுக்கியாயிற்று. ரம்பம், இழைப்புளி எல்லாவற்றுக்கும் எண்ணெய் தடவியாயிற்று. கனமானதையெல்லாம் மாப்பிள்ளைதான் தூக்கினார். நல்ல வாட்டசாட்டமான ஆள். அந்த உடம்புதான் வினையே.

போன குளிர் விட்டதும் மாமனார் தன் கையாலேயே ஆறு நாற்காலி செய்திருந்தார். பெருமை தாங்கவில்லை. சொந்தபந்தத்தையெல்லாம் கூப்பிட்டு விருந்து போட்டார். மாப்பிள்ளை உட்கார்ந்தார், பின்னங்கால் கழன்றது, தொபுக்கடீரென்று விழுந்தார். வீடே சிரித்தது.

அன்றிலிருந்து அவர் எப்போது வந்தாலும் மாமனாருக்கு ஒரே பல்லவி. "மாப்பிள்ளைக்கு அந்த பிளாஸ்டிக் நாற்காலிய எடுத்துப் போடு." ஒரு தடவை மகள் முகம் சுண்டிப்போய் எழுந்து போனாள். ஒரு கிண்டலைக்கூடத் தாங்க மாட்டேங்கிறாளே என்று இவர் அலுத்துக்கொண்டார். மாப்பிள்ளை மட்டும் வாயே திறக்காமல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போவார்.

இப்போது பசைக்கும் வந்தது கேடு.

"நாற்காலியத்தான் ஒடச்சீங்க. பசையையும் ஒழிச்சுக் கட்டணுமா?"

மாப்பிள்ளை என்னமோ சொல்ல வந்தார். முழுங்கிக்கொண்டார். "பழசாயிடுச்சுன்னு நெனச்சேன் மாமா."

"என் பட்டறையில எது பழசுன்னு எனக்குத் தெரியும். இனிமே இதுக்குள்ள நீங்க கை வைக்க வேணாம்."

சரி என்று தலையாட்டினார் மாப்பிள்ளை. கையைக் கழுவிக்கொண்டு, மாமியாரிடம் சொல்லிக்கொண்டு, போட்டு வைத்த காபியைக்கூடக் குடிக்காமல் கிளம்பிப் போய்விட்டார்.

மாமனார் பாட்டிலைத் தொட்டியிலிருந்து எடுத்துத் துடைத்தார். பழசா, இல்லையா என்று இன்றைக்குப் பார்த்தே தீருவது என்ற வீம்பில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொடி எழுத்தை வாசித்தார். தேதி இன்னும் ரெண்டு வருஷம் இருந்தது. அதற்குக் கீழே, குளிரில் உறைய விடக்கூடாது, ஒரு தடவை உறைந்தால் இளகின பிறகும் பிடிக்காது என்று போட்டிருந்தது.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி வாசித்தார்.

போன குளிர் முழுக்க அந்த பாட்டில் ஜன்னலோரம்தான் கிடந்தது. அப்புறம் திறந்தபோது திரிதிரியாகத்தான் இருந்தது. கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கலக்கி, ஆறு நாற்காலியையும் அதில்தான் ஒட்டினார்.

மூலையில் கிடந்த நாற்காலிக் காலை எடுத்துப் பார்த்தார். மரம் எங்கேயும் முறியவில்லை. துளையிலிருந்து பால் பல் மாதிரி சுத்தமாகக் கழன்று வந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் பசை வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. இதை அன்றைக்கே பார்த்திருக்கலாம். அன்றைக்கு இவர் சிரிப்பதில் மும்முரமாக இருந்தார்.

மீதி அஞ்சு நாற்காலி ஞாபகம் வந்ததும் வீட்டுக்குள் ஓடினார். மனைவி அதில் ஒன்றில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளை எழுப்பிவிட்டு நாற்காலியைக் கவிழ்த்தார்.

அடியில் நாலு மூலையிலும் சின்னச் சின்ன இரும்புப் பட்டை. மரத்தின் நிறத்திலேயே பெயின்ட் அடித்து, திருகாணி துருத்தாமல் பதித்திருந்தது. மற்ற நாலிலும் அப்படியே.

"இது யார் பண்ணினது?"

மனைவி மடித்த துணியைக் கீழே வைத்தாள். அப்புறம், நீங்க உங்க அக்கா வீட்டுக்குப் போயிருந்த அன்னிக்கு மாப்பிள்ளை வந்து போட்டது என்றாள். விழுந்த அன்றைக்கே கழன்ற நாற்காலிக் காலைத் தடவிப் பார்த்து அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டதாம்.

"தெரிஞ்சுமா அஞ்சு மாசமா என் பேச்சக் கேட்டுக்கிட்டு இருந்தாரு? நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாருங்க. 'என் ஒடம்பப் பாத்து நாலு பேர் சிரிக்கிறது எனக்குப் புதுசா அத்தை? மாமா மனசு விட்டுப்போய் மரத்தத் தொடாம உக்காந்துட்டார்னா அப்புறம் எழுப்ப முடியாது'ன்னாரு."

அவருக்கு மனைவி முகத்தைப் பார்க்கக் கூசியது. அதற்காக நல்ல விலை கொடுத்து வாங்கின பசையைத் தூக்கிப் போடுவதா என்று வாய்க்குள் முனகிக்கொண்டே பட்டறைக்குத் திரும்பினார். முனகலில் சுரத்தே இல்லை.

இந்தப் பாழாய்ப்போன பாட்டிலை எங்கே வைப்பது என்று புதிதாக அடுக்கின அலமாரிப் பக்கம் போனார்.

உள்சுவரை ஒட்டி, குளிர் எட்டாத தட்டில், அதே பசை பாட்டில் ஒன்று நின்றிருந்தது. திறந்தார். பால் மாதிரி புத்தம் புதுப் பசை. ஆனால் பாதிதான் இருந்தது. கையிலிருந்த பழைய பாட்டிலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

ரெண்டிலும் ஒரே மட்டம். பாட்டில் மாறினதை மாமா கண்டுபிடித்துவிடக் கூடாதென்று, வாங்கின புதுப் பசையில் பாதியைக் கொட்டிவிட்டு, பாட்டிலின் மேலெல்லாம் மரத்தூளையும் பூசி வைத்திருந்தார் மாப்பிள்ளை.