சந்தேகத்துக்குரிய அலை

செயற்கைக்கோள் அனுப்பும் அலை உயரத்தை நம்பித்தான் இப்போது விசைப்படகுகள் ஓடின. அலை பெரிதென்று தெரிந்தால் அவை தாமாகவே கரைக்குத் திரும்பிவிடும். வந்துசேரும் அளவுகளில் பிழையானதைக் கண்டுபிடித்து நீக்குவது ரெஜினாளின் வேலை.

அன்று காலை, அமைதியான கடலின் நடுவே ஓர் அளவு மட்டும் ஆறு மீட்டர் என்று நின்றது. மழைமேகம் செயற்கைக்கோளின் ரேடாரை ஏமாற்றியிருக்கலாம். வேறு நாளென்றால் யோசிக்காமல் நீக்கியிருப்பாள். ஆனால் அவள் கணவன் கிளமென்ஸ் அந்தப் பக்கம்தான் போயிருந்தான். எழுந்து நடந்தாள், திரும்ப வந்து உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். கடைசியில் அதை நீக்காமல் விட்டுவிட்டாள்.

மத்தியானம் எல்லாப் படகுகளும் வெறும் வலையோடு திரும்பின. கடல் அசையவே இல்லை. அந்த அளவை நீக்காமல் விட்டதை ரெஜினாள் கணவனிடம் சொன்னாள்.

“போன வாரம் குளச்சல்காரங்க நின்ன எடத்துல இதே மாதிரி வந்துச்சுன்னு சொன்னியே, அப்ப என்ன செஞ்ச?” என்று கேட்டான் கிளமென்ஸ்.

“அழிச்சுட்டேன்.”

அவன் வெறும் வலையை உதறி மடித்து வைத்தான். பிறகு, “இனிமே எந்தப் பக்கம் போறேன்னு ஒங்கிட்ட சொல்லமாட்டேன், ரெஜி” என்றான்.

மறுநாள் அவள் திரைக்கு முன்னால் உட்கார்ந்தபோது, கடலின் எல்லா இடத்திலும் அவன் இருந்தான்.