பிசிறு

“முதல் மூணு இடத்துக்கு வர்றவங்க, எல்லார் முன்னாடியும் இந்த மெஷின் ரம்பத்துகிட்ட உட்கார்ந்து ஒரு துண்டு வெட்டிக் காட்டணும். இந்த வருஷம் புது விதி,” என்றார், ஐயோவா சிட்டியிலிருந்து வந்திருந்த நடுவர் அம்மா.

வெர்னா கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

போன வருடம் எவனோ ஒருத்தன் லேசரில் வெட்டிய மரப்படத்தைத் தன் கைவேலை என்று சொல்லிப் பரிசை வாங்கிக்கொண்டு போய்விட்டான். அவன் செய்த திருட்டுக்கு இப்போது இவள் மாட்டிக்கொள்ள வேண்டுமா? சர்ச் ஹாலில் கூடியிருந்த ஸ்க்ரோல் ரம்பக் கிளப்காரர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். வெர்னாவும் தட்டினாள். வேறு வழி?

மேசைமேல் அவள் கணவர் ஹார்லனின் படம் நின்றிருந்தது. ஓர் ஓக் மரம், அதன் கீழே ஒரு மான். மெல்லிய பலகையில் நூல் போன்ற பிளேடை விட்டு வளைத்து வளைத்து வெட்டியது. மானின் கொம்பு தீக்குச்சியைவிட மெலிசு. பார்த்தவர்கள் எல்லாரும், “முதல் பரிசு இதுக்குத்தான்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒவ்வொருவர் சொல்லும்போதும் அவளுக்குப் பக்கென்றது.

ஏனென்றால் அதை வெட்டியது ஹார்லன் இல்லை. வெர்னா.

பக்கவாதம் வந்ததிலிருந்து ஹார்லனின் வலது கை நடுங்குகிறது. ஞாபகமும் முன்னே பின்னே. ஆனாலும் தினமும் ரம்பத்தின் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார். அவர் வெட்டிய மானுக்குக் காலும் இல்லை, கொம்பும் இல்லை. அவர் தூங்கும் மதிய நேரங்களில் அதே படத்தை அவள் புதிதாக வெட்டினாள். முடித்த அன்று, அவருடையதை அடுப்பில் போட்டுவிட்டுத் தன்னுடையதை அதே இடத்தில் வைத்தாள்.

எழுந்து வந்து பார்த்தவர், “பரவாயில்லையே, கை இன்னும் இருக்கு!” என்றார். தேய்த்து வழவழப்பாக்க உப்புத்தாளும் கையுமாக உட்கார்ந்தவர், வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை.

இப்போது அந்தக் கை ஊரார் முன்னால் ரம்பத்தில் நடுங்கப் போகிறது.

“ஹார்லன், வீட்டுக்குப் போயிடலாமா? எனக்குத் தலை வலிக்குது.”

“பரிசு குடுக்கிற நேரத்துல தலைவலியா? நல்லா இருக்கே!” என்று சிரித்தார். “இரு, டெல்மர்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வந்துடறேன்.”

கைத்தடியை ஊன்றிக்கொண்டு போய், மூலையில் நின்ற நண்பர் டெல்மரின் காதோரம் என்னவோ சொன்னார். பெருமை அடித்துக்கொள்கிறார், பாவம் என்று நினைத்தாள் வெர்னா.

நடுவர் அம்மா மேசை மேசையாக நெருங்கிக்கொண்டிருந்தார். அடுத்தது இவர்கள்தான்.

அதற்குள் ஹார்லன் திரும்பி வர, பின்னாலேயே டெல்மரும் காபிக் கோப்பையோடு வந்துவிட்டார். கிளப்பிலேயே வாய் நீளமான ஆள்.

“எங்கடா உன் மான்? நானும் பார்க்க வேணாமா?” என்று குனிந்தவரின் முழங்கை படத்தில் இடித்தது. படம் சரிந்து தரையில் விழுந்தது. கொம்பு ஒரு பக்கம், மான் ஒரு பக்கம்.



“ஐயையோ! வெர்னா, தெரியாம...”

“கண்ணை எங்க வச்சிருக்கே, டெல்மர்? எத்தனை நாள் உழைப்பு தெரியுமா இது?” கத்தியேவிட்டாள் வெர்னா. யாருடைய உழைப்பு என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஆளாளுக்கு டெல்மரைப் பிடித்துக்கொண்டார்கள். “பொறாமைடா உனக்கு!” “இனிமே இவனை மேசைப் பக்கமே விடாதீங்க!” டெல்மர் பதிலே சொல்லாமல் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினார். அவர் வாயை மூடிக்கொண்டு இருந்ததை அன்றுதான் பார்த்தார்கள்.

“உடைஞ்சதுக்கு மார்க் போட முடியாதே,” என்று உச்சுக்கொட்டிவிட்டு நடுவர் அம்மா அடுத்த மேசைக்கு நகர்ந்தார்.

அழுவதா, அப்பாடா என்று மூச்சு விடுவதா என்று வெர்னாவுக்குத் தெரியவில்லை.

வீடு வரும்வரை காரில் டெல்மரைத் திட்டிக்கொண்டே வந்தாள். ஹார்லன் சோளக்காட்டைப் பார்த்தபடி ‘ம்’ கொட்டினார்.

அவர் முகம் அவளுக்குத் தாங்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்ததை எடுத்தாள். அதே ஓக், அதே மான். ஒன்று உடைந்தால் இன்னொன்று இருக்கட்டும் என்று ரெண்டு பலகையை ஒன்றின்மேல் ஒன்றாக டேப்பால் ஒட்டி, ஒரே வெட்டில் வெட்டியிருந்தாள். மேல் பலகைதான் போட்டிக்குப் போனது. இது அடிப்பலகை.

“இதோ பார். நீதான் ரெண்டையும் சேர்த்து வெட்டினே. மறந்துட்டே.”

ஹார்லன் வாங்கித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினார். பிளேடு வெளியே வரும் அடிப்பக்கத்தில் மட்டும் கிளம்பும் பிசிறு, முள் முள்ளாக நின்றது.

“பிசிறு பூரா இங்கதான் இருக்கா? அன்னைக்கு உப்புத்தாளோட உட்கார்ந்தேன், தேய்க்கிறதுக்கு ஒரு பிசிறுகூட இல்ல. நான் எப்பவும் ஒத்தைப் பலகைதானே வெட்டுவேன், பிசிறு அதுலயே நிக்குமே, வெர்னா?”

அவள் பலகையை அவர் கையிலிருந்து வாங்கப் பார்த்தாள்.

ஹார்லன் நடுங்கும் கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கொம்பைப் பிரமாதமா வெட்டியிருக்கே. அதை நாலு பேர் முன்னாடி சொல்ல முடியல, அதுதான் வருத்தம். நாளைக்கு டெல்மருக்கு ஒரு செர்ரி கேக் சுட்டுக் குடு. நான் கெஞ்சிக் கேட்டுக்கிட்டேன்னு இடிச்சுத் தள்ளிட்டு, பாவம், உன்கிட்ட அத்தனை திட்டு வாங்கினான்!”