ஒரு கூடைச் சுருள்

பலகையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ஒரே தள்ளு. இழைப்புளியின் வாயிலிருந்து சுருள் சத்தமில்லாமல் எழுந்து வந்தது.

காசிநாதன் ஆசாரி அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சுருளுக்கு அந்தப் பக்கம் தெருவில் போன மாட்டுவண்டியும் அதில் அடுக்கியிருந்த தோல்கட்டுகளும் மங்கலாகத் தெரிந்தன.

ஆனாலும் அவருக்குத் திருப்தி இல்லை. அலகைக் கழற்றி, சாணைக்கல்லில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுத் தேய்த்தார். முன்கையில் வைத்து ஒரு வழி வழித்தார். பட்ட இடத்தில் ஒரு ரோமம் மிஞ்சவில்லை.

அவர் இழைப்பைப் பற்றி ஆம்பூரில் பேச்சு உண்டு. தோல் பதனிடுகிற ஷாப்பில் ஆட்டுத்தோல் சீவுகிற சின்னசாமி ஒருநாள் சுருளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இருபது வருஷம் கத்தி பிடித்தும் தனக்கு இவ்வளவு மெல்லிசு வந்ததில்லை என்று ஒத்துக்கொண்டு போனார். ஆசாரிக்குக் கை அப்படி என்று எல்லோரும் நினைத்தார்கள்.

கை அப்படித்தான். ஆனால் காரணம் கையில் இல்லை. காரணம் அமிர்தவள்ளி.

தோல் ஷாப் வாசலில் ஆப்பம் சுட்டு விற்கிறவள் அவள். விற்று முடித்து மத்தியானம் கூடையோடு ஆசாரியின் வீட்டோடு ஒட்டிய பட்டறைக்கு வருவாள், மறுநாள் அடுப்பு மூட்டச் சுருள் அள்ளிப் போக. கேட்டவர் அள்ளிக்கொள்ளலாம் என்பது பட்டறை வழக்கம்.

சுருள் பொசபொசவென்று புடைத்துக்கொள்ளும். அமுக்கி அமுக்கித்தான் கூடையில் அடைக்க வேண்டும். அடைத்து முடிக்கும்வரை அவள் வாய் ஓயாது. தோல் ஷாப் சுண்ணாம்புக் குழியில் இறங்கி இறங்கிப் புருஷனுக்குக் கால் வெடித்த கதை, சோளிங்கர் மலையேறும்போது குரங்கு தேங்காயைப் பிடுங்கிக்கொண்ட கதை, குடியாத்தத்தில் கட்டிக்கொடுத்த மகள் மாமியாரோடு மல்லுக்கு நிற்கிற கதை.

ஆசாரிக்குப் பெண்டாட்டி போய் ஆறு வருஷம் ஆகிறது. பிள்ளை குட்டி இல்லை. அமிர்தவள்ளி பேசிவிட்டுப் போனால், மறுநாள் அவள் வருகிறவரை அந்த வீட்டில் பேச்சுக்குரல் கிடையாது.

அவர் மனதில் கள்ளம் ஒன்றும் இல்லை; இருந்திருந்தாலும் அவருக்கே தெரிந்திருக்காது. அவருக்கு ஒரு மனுஷக் குரல் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

போன வருஷத்திலிருந்து தோல் வியாபாரம் படுத்துவிட்டது. ஊரில் யாரும் வீடு கட்டவில்லை. பட்டறையில் மிச்சம் இருந்தது இந்த ஒரு தேக்குப் பலகைதான். இதுவும் தீர்ந்தால் சுருள் இல்லை. சுருள் இல்லையென்றால் அவள் எதற்கு வரப்போகிறாள்?

கனமாக இழைத்தால் பத்தே நாளில் பலகை காலி. மெல்லிசாக இழைத்தால் கூடையும் நிறையும், பலகையும் லேசில் குறையாது. இதைக் கண்டுபிடித்த அன்று காசிநாதன் தனியாக உட்கார்ந்து சிரித்தார். அன்றிலிருந்து அலகைத் தீட்டுகிறார், தீட்டுகிறார், அப்படித் தீட்டுகிறார்.

யார் வீட்டு வேலை என்று அமிர்தவள்ளி ஒருமுறை கேட்டாள். தோல் மண்டிக்காரர் ஒருத்தர் வீட்டுக் கதவு என்றார். கை வைத்தால் வழுக்க வேண்டும் என்கிறார் அந்த மனுஷர் என்று ஒரு சேர்மானமும் போட்டார்.

இன்றைக்கு வந்தவள் கூடையை இறக்கவில்லை. வாசலிலேயே நின்றாள். கூடையில் ஏற்கெனவே சுருள் இருந்தது. பட்டை பட்டையாக, கனமான சுருள்.

"தப்பா எடுத்துக்காதீங்க ஆசாரியாரே. உங்க சுருளு பத்த வெச்சதும் பஸ்ஸுனு எரிஞ்சு போய்டுது. வெறகு புடிக்கறதுக்குள்ள சாம்பலு. வண்டிப்பட்டறை வேலுகிட்ட எடுத்துக்கறேன், அது நின்னு எரியுது."

இதைச் சொல்ல எத்தனை நாள் தயங்கினாளோ, அவரைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

இத்தனை மாதம் ஆசாரி எந்த மெல்லிய சுருளை நம்பிக்கொண்டிருந்தாரோ, அதுவே அவளைத் துரத்திவிட்டிருக்கிறது. ஒரு நாளாவது அவள் அடுப்பைப் பற்றி யோசித்திருக்கலாம். தன் பலகையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்துவிட்டார்.

அவள் திரும்பி நடந்தாள். அவர் அவசரமாக எழுந்ததில் இழைப்புளி தரையில் உருண்டது.

"நாளைக்கு வாம்மா. கனமா எழச்சு வெக்கறேன்."

மண்டிக்காரர் கதவு கெட்டுப்போகாதா என்று அமிர்தவள்ளி கேட்டாள். கெடாது என்றார். அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, சரி, வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆசாரி இழைப்புளியை எடுத்து, அதன் ஆப்பைத் தட்டி இளக்கி, அலகை நன்றாக வெளியே இறக்கினார். முதல் தள்ளில் மரம் முரண்டு பிடித்தது. இரண்டாவது தள்ளில் சுருள் பட்டையாகக் கிளம்பி மடியில் விழுந்தது.

பலகையின் விளிம்பை விரல் வைத்து அளந்தார். இந்தக் கனத்தில் இழைத்தால் வெள்ளிக்கிழமைவரை வரும்.

அவரிடம் எந்த மண்டிக்காரரும் கதவு கேட்டு வரவில்லை. இந்தப் பலகை அவருடைய வீட்டு அறைக்கதவு. ஆடி மாதம் கழற்றியது.

தெருக்கதவை இன்னும் கழற்றவில்லை. அது நல்ல கனம்; பொங்கல்வரை தாங்கும்.